குடிமனைக்கு நிலம் வகுக்குங்கால் கமக்காரர் கூறவேண்டியவை

நெல்வயலும் குடிமனையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. கமக்காரரின் மக்களுக்கும் வீடு வேண்டும். அவ்வீட்டிலுள்ளோர்க்குச் சோறும் வேண்டும். ஒரு காணி தலைமுறைதோறும் சீதனமாகவும் முதுசமாகவும் பிரிக்கப்பட்டுச் சில பரப்புகளாகச் சுருங்கியபின் புதிய வீட்டுக்கு இடந் தேடுதல் இயல்பே. ஆயின் அவ்விடத்தைத் தீர்மானிக்கும்போது, நிலத்தின் மேடுபள்ளத்தையும் நீரின் போக்கையும் நாள்தோறும் கண்டறிந்தவர் கமக்காரரே. அவர் வாய்திறவாதிருப்பின், படத்தில் வெறுமையாகத் தோன்றும் இடமெல்லாம் வீடு கட்டத்தக்க இடமெனக் கொள்ளப்படும்.

வயலை நிரவுவதால் விளையுங் கேடு

வயல் நெல் விளையும் இடம் மாத்திரமன்று. மழைநீரைத் தாங்கி நிற்கும் இடமுமாகும். வரம்புக்குள் 6 அங்குல நீர் நிற்கும் ஓர் ஏக்கர் வயல் ஏறக்குறைய 6 இலட்சம் லீற்றர் நீரைத் தாங்குகின்றது. அவ்வயலை மண் கொட்டி நிரவினால் அந்நீர் மறைந்து போவதில்லை. அயல் வயலிற் சென்று நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை பெய்யும்போது காலபோகப் பயிர் இளம்பயிராக இருக்கும். கழிவாய்க்கால் அடைபடுமாயின் மேலுள்ள வயல்களிலும் நீர் வடியாது. பயிர் மூழ்கி அழுகும். ஆதலால் ஒருவர் தமது வயலை நிரவுதல் அவருடைய சொந்தக் காரியம் மாத்திரமன்று.

குளத்தின் கீழ் வயல் செய்யும் ஊர்களில் முன்னோர் குடிமனைகளைக் குளக்கட்டின் அருகேயுள்ள மேட்டில் அமைத்தனர். தாழ்ந்த நிலத்தை வயலுக்கு விட்டனர். குளத்துக்கு நீர் வரும் மேற்புறத்தைக் காடாக வைத்திருந்தனர். அம்மேற்புறத்திற் காடழித்து வீடுகள் அமைக்கப்படின் மழைநீர் மண்ணை அரித்து வந்து குளத்தைத் தூர்த்துவிடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மரக்கறித் தோட்டங்கள் கிணற்று நீரையே நம்பியுள்ளன. அந்நீர் சுண்ணக்கற்பாறையின் வெடிப்புகளில் தங்கும் மழைநீராகும். மலக்குழிகள் கிணறுகளுக்கு அண்மையில் நெருக்கமாக அமையின் அழுக்கு அவ்வெடிப்புகளின் வழியே கிணறுகளை விரைவில் அடையும். மழைநீர் நிலத்துள் இறங்கும் குளங்களும் தரவைகளும் மூடப்படின் நன்னீர் குறைந்து உவர்நீர் மேலெழும். செம்மண் தோட்டத்தை விடுத்துக் கலட்டி நிலத்தில் வீடு அமைத்தல் நன்று.

சட்டங்கள் அளிக்கும் வாய்ப்பு

1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அரசாங்கக் காணிகளைக் கிராம விரிவு, மேய்ச்சல் நிலம், கிராமக் காடு, நீரூற்றுப் பாதுகாப்பு, மண்ணரிப்புத் தடுப்பு முதலிய தேவைகளுக்கெனத் தனித்தனியே வகுக்க வழிசெய்தது. காணி பெறுவோரைத் தெரிவதற்கு ஊர்மக்கள் முன்னிலையிற் காணிக் கச்சேரி கூட்டுவதும் அச்சட்டத்தின் வழி வந்ததே.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரவுதலோ அதிற் கட்டடம் எழுப்புதலோ ஆகாது. உறுதி உங்கள் பெயரில் இருப்பினும் இவ்விதி பொருந்தும்.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நகர அபிவிருத்தி அதிகார சபை, தனது எல்லைக்குட்பட்டதெனப் பிரகடனஞ் செய்யப்பட்ட பிரதேசங்களுக்குத் திட்டம் வகுக்கும்போது வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கோரும். 4 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய 10 ஏக்கருக்கு, மேற்பட்ட ஈரநிலத்தை நிரவுவதும், 1,000 வீடுகளுக்கு மேல் அமைப்பதும் சுற்றாடற் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெறவேண்டிய வேலைகளாகும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப்படின், அதனைப் பார்வையிட்டுக் கருத்துக் கூறப் பொதுமக்களுக்கு 30 நாள் தவணை உண்டு.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. உங்கள் வயல் கமநல சேவை நிலையத்திலுள்ள காணி இடாப்பிற் சரியாகப் பதியப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். இடாப்பில் இல்லாத வயலுக்காக வாதாடுதல் கடினம்.

2. பிரதேச செயலகம், பிரதேச சபை, கமநல சேவை நிலையம் ஆகியவற்றின் அறிவித்தற் பலகைகளைத் தவறாது கவனியுங்கள். தவணை கடந்தபின் அனுப்பும் மனு பெரும்பாலும் பயன்படாது.

3. வரைபடத்தைப் பார்வையிடும்போது குளம், வாய்க்கால், கழிவாய்க்கால், வண்டிப்பாதை, பொதுக்கிணறு ஆகியன குறிக்கப்பட்டுள்ளனவா எனத் தேடுங்கள். விடுபட்டவற்றை எழுதிக் கொடுங்கள். படம் காட்டப்படாவிடின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அதனைக் கோரலாம்.

4. கடந்த மழைகளில் வெள்ளம் நின்ற இடம், அதன் உயரம், வடிந்த நாட்கள் ஆகியவற்றை ஆண்டுடன் குறித்து, புகைப்படங்களிருப்பின் இணையுங்கள். "எமக்குத் துன்பமாகும்" என்பதிலும், "இன்ன வாய்க்காலின் கீழுள்ள இத்தனை ஏக்கர் வயல் மூழ்கும்" என்பது வலிமையுடைத்து.

5. தனித்தனியே எழுதுவதோடு, கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி அதன் பிரதியையும் அனுப்புங்கள். குத்தகைக்கு வயல் செய்வோரையும் பெண்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். காணிச் சொந்தக்காரர் வயலை விற்றுவிடின் முதலிற் பிழைப்பிழப்பவர் குத்தகைக்காரர். கிணற்று நீர் கெடின் முதலில் அறிபவர் பெண்கள்.

6. மனுவின் பிரதியையும், அது கையேற்கப்பட்டதற்கான பற்றுச்சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

வேறிடமுங் காட்டுக

"இங்கே வேண்டாம்" என்று மாத்திரம் கூறும் மனு பாதி மனுவேயாகும். காணியில்லாத அயலவரும் அதே கூட்டத்தில் இருப்பர். அவர்தம் தேவையும் உண்மையானதே. ஆதலால் மேட்டு நிலம், பயிருக்கு உதவாத கலட்டி, பாழ்பட்டுக் கிடக்கும் பழைய வளவு என்பவற்றில் எவை பொருத்தமானவை, அவற்றுக்குப் பாதை எவ்வழி, குடிநீர் எங்கே என்பவற்றையும் எழுதுங்கள். ஊரை நன்கறிந்தவர்கள் காட்டும் இடத்தை அதிகாரிகள் எளிதிற் புறக்கணியார்.

வீடு கட்டிய இடத்தை மீண்டும் வயலாக்குதல் பெரும்பாலும் இயலாத காரியம். பல தலைமுறைகளாக உழுது சேறாக்கியதால் அமைந்த, நீரைத் தாங்கும் அடிமண் ஒருமுறை சிதைந்தால் எளிதில் திரும்பாது. எனவே கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்திலேயே இவ்விடயத்தை எடுத்து, உங்கள் ஊரின் வாய்க்கால்களையும் வெள்ளம் நிற்கும் இடங்களையும் காட்டும் படமொன்றை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். அறிவித்தல் வரும் நாளில் அது உங்கள் கையில் இருத்தல் வேண்டும்.