பின்னாலிருந்து படிக்கும் கோப்பு

லாடெக் என்ற ஆவண வடிவமைப்பு மென்பொருளில் ஆய்வேடு எழுதும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘பிடிஎஃப்லாடெக் கட்டளை கொடுத்தால் ஜேபிஜி படம் ஒழுங்காக வருகிறது. அதே கோப்புக்கு வெறும் லாடெக் என்று கொடுத்தால் படத்தின் அளவு தெரியவில்லை என்று நின்றுவிடுகிறதே, ஏன்?’

வெறும் லாடெக் உண்டாக்குவது டிவிஐ கோப்பு. அந்த வழிக்கு இபிஎஸ் படம்தான் தோது. மூலத்தில் படத்தின் பெயரை மட்டும் எழுதி, பின்னொட்டை விட்டுவிடுங்கள். இரு வடிவங்களும் ஒரே பெயரில் பக்கத்தில் இருந்தால், அந்தந்தக் கட்டளை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்.

எனக்குப் பேச ஆசை டிவிஐயைப் பற்றித்தான். லாடெக்குக்கு அடிப்படையான, டொனால்டு கனூத்தின் டெக் மென்பொருளுக்காக டேவிட் ஃபூக்ஸ் 1979இல் வகுத்த வடிவம் அது. அதற்குள் எழுத்தின் உருவமே கிடையாது. இன்ன எழுத்துருவில் இத்தனையாவது எழுத்தை இன்ன இடத்தில் வை என்ற குறிப்புதான் உண்டு. அம்மா என்னிடம் கொடுத்தனுப்பிய மளிகைச் சீட்டு போல. எந்தக் கடையிலும் நீட்டலாம். பிடிஎஃபோ சாமான் நிரம்பிய பை.

இடம் குறிக்கும் நுட்பத்தைப் பாருங்கள். அச்சுப் புள்ளி ஒன்றை 65,536 கூறாகப் பிரிக்கிறார்கள். ஒரு கூறு சுமார் 5.4 நானோமீட்டர், ஊதா ஒளியின் அலைநீளத்தில் எழுபதில் ஒரு பங்குகூட வராது!

இன்னொரு விசித்திரம், டிவிஐ கோப்பைப் பின்னாலிருந்து படிக்கலாம். முதல் பக்கத்தை எழுதும்போது மொத்தம் எத்தனை பக்கம் என்று டெக்குக்குத் தெரியாது. அதனால் பக்க எண்ணிக்கையும் எழுத்துருப் பட்டியலும் கடைசியில் வரும். அதற்கும் பின்னால் 223 என்ற எண் நான்கு முறையாவது நிற்கும். படிக்கும் நிரல் கோப்பின் வாலுக்குப் போய், 223களைத் தாண்டி, கடைசிப் பக்கம் தொடங்கும் இடத்தைப் பிடிக்கும். ஒவ்வொரு பக்கமும் தனக்கு முந்தைய பக்கம் எங்கே என்று சொல்லும்.

டிவிஐ பிறப்பது நாம் எழுதும் மூலக் கோப்பிலிருந்துதான். பட்டம் கிடைத்ததும் அந்த மூலத்தைத் தூக்கிப்போட்டு, பிடிஎஃபை மட்டும் வைத்துக்கொள்கிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பல தமிழ் பிடிஎஃப்களில் ஒரு வரியை நகலெடுத்தால் கொம்பு ஒருபுறம், கால் ஒருபுறமாகச் சிதறுகிறது. மூலம் இருந்தால் அதிலிருந்தே இணையப் பக்கமும் எடுக்கலாம். அந்த வேலைக்கான டெக்4எச்டி என்ற கருவி நம்பியிருப்பதும் டிவிஐயைத்தான். தமிழுக்கு நாம் பயன்படுத்தும் ஸீடெக்கும் முதலில் அதன் விரிந்த வடிவத்தை உண்டாக்கி, பிறகே பிடிஎஃப் ஆக்குகிறது.