பணி–குடும்பச் சமநிலையில் மகப்பேற்றுப் பயனும் குழந்தைக் காப்பகமும்: இந்தியச் சட்ட விதிகள்வழி ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஊதியப் பணியையும் குடும்பப் பொறுப்பையும் ஒருசேர மேற்கொள்ளும் பெண்களுக்குத் துணைநிற்க இந்தியாவில் பல சட்டங்கள் இயற்றப்பட்டுள்ளன. அவற்றுள் மகப்பேற்றுப் பயன், குழந்தைக் காப்பகம் ஆகிய இரண்டையும் பற்றிய விதிகளை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஒரு சலுகையின் அளவைப் போலவே, அதன் செலவை ஏற்பவர் யார், அதைப் பெறுவதற்கான தகுதி எவரை எண்ணிக் கணக்கிடப்படுகிறது என்னும் இரு வினாக்களும் அச்சலுகையின் பயனைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். சட்ட விதிகள், நீதிமன்றத் தீர்ப்புகள், காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஆகியவை முதன்மைத் தரவுகளாக அமைகின்றன. விளக்கமுறை, ஒப்பீட்டு முறை ஆகிய அணுகுமுறைகள் பின்பற்றப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: மகப்பேற்றுப் பயன், குழந்தைக் காப்பகம், ஊதியமற்ற உழைப்பு, தொழிலாளர் அரசுக் காப்பீடு, தந்தைமை விடுப்பு.

1. முன்னுரை

நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண், வரப்போர மரக்கிளையில் தூளி கட்டிக் குழந்தையைக் கிடத்திவிட்டு வயலில் இறங்குவது தமிழக ஊர்ப்புறங்கள் நெடுங்காலமாக அறிந்த காட்சியாகும். அங்கே வேலை கடினமானது, கூலி குறைவானது. எனினும் குழந்தை அழுதால் தாயின் செவிக்கு எட்டும். ஆலையும் அலுவலகமும் கடையும் பெருகியபோது பணியிடமும் குழந்தை இருக்கும் இடமும் பிரிந்தன. அப்பிரிவால் விளைந்த இடைவெளியைப் பெரும்பாலும் குடும்பத்துப் பெண்களே நிரப்பினர். பேரனைப் பார்த்துக்கொள்ள வந்த பாட்டியாகவோ, தம்பிக்காகப் பள்ளியை விட்டு நின்ற அக்காளாகவோ, வேலையை விட்டுவிட்ட தாயாகவோ அவர்கள் இருந்தனர். அந்த இடைவெளியை நிரப்பும் கடமையில் நிறுவனத்திற்கும் அரசுக்கும் பங்குண்டு என்று ஏற்றதிலிருந்தே பணி–குடும்பச் சமநிலைக்கான சட்டங்கள் தொடங்குகின்றன. அப்பங்கு எவ்வாறு வகுக்கப்பட்டுள்ளது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. சமநிலையின்மையின் அளவு

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டில் நாடு தழுவிய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்தியது. சமைத்தல், துவைத்தல், வீட்டைத் துப்புரவு செய்தல் முதலான ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபட்டோருள் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டதாக அது காட்டியது. 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இவை முறையே 289, 88 நிமிடங்களாயின. பெண்களின் வீட்டுப் பணி நேரம் 10 நிமிடங்கள் குறைந்திருப்பது முன்னேற்றம்போல் தோன்றலாம். ஆனால் ஆண்களின் நேரமும் 9 நிமிடங்கள் குறைந்துள்ளது. இருபாலார்க்கும் இடையிலான வேறுபாடு 202 நிமிடங்களிலிருந்து 201 நிமிடங்களாக மட்டுமே மாறியுள்ளது. அதாவது, வேலையின் அளவு சற்றுக் குறைந்துள்ளதே தவிர, அது பங்கிடப்படும் முறை மாறவில்லை. குழந்தைகளையும் முதியோரையும் பேணும் நேரம் இக்கணக்கில் சேராது. அது தனியே கணக்கிடப்படுகிறது.

பணியிலிருந்து திரும்பிய பெண்ணுக்கு வீட்டில் மற்றொரு பணிநேரம் தொடங்குவதை அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு 1989-இல் வெளிவந்த தம் நூலில் ‘இரண்டாவது ஷிப்ட்’ எனக் குறித்தார். மேற்கண்ட எண்கள் அக்கருத்தாக்கத்தின் இந்திய அளவைப் புலப்படுத்துகின்றன. ஆகவே, பணி–குடும்பச் சமநிலை என்பது தனிப்பட்ட பெண்ணின் நேர மேலாண்மைத் திறனைப் பற்றிய சிக்கலன்று. உழைப்புப் பங்கீட்டைப் பற்றிய சிக்கலாகும்.

3. மகப்பேற்றுப் பயன்: சட்டத்தின் வளர்ச்சி

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தான் தோன்றிய 1919-ஆம் ஆண்டிலேயே மகப்பேற்றுப் பாதுகாப்புக்கெனத் தனி உடன்படிக்கை ஒன்றை ஏற்படுத்தியது. இந்தியாவில் பம்பாய் மாகாணம் 1929-இல் மகப்பேற்றுப் பயன் சட்டத்தை இயற்றியது. சென்னை உள்ளிட்ட பிற மாகாணங்கள் அதனைப் பின்தொடர்ந்தன. விடுதலைக்குப் பின் 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பயன் சட்டம் 12 வார ஊதிய விடுப்பை நாடு முழுமைக்கும் பொதுவாக்கியது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் முதலிரு குழந்தைகளுக்கு இதனை 26 வாரங்களாக உயர்த்தியது. மகப்பேற்றுக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாள்கள் பணியாற்றியிருத்தல் இதற்கான தகுதியாகும். விடுப்பிலிருக்கும் பெண்ணைப் பணிநீக்கம் செய்வதும் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது.

சட்டத்தின் சொற்களுக்கு விரிந்த பொருள் தந்ததில் உச்ச நீதிமன்றத்தின் பங்கு பெரிது. டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண் தொழிலாளர் வழக்கில், நிரந்தரப் பணியாளர் அல்லாதோர்க்கும் மகப்பேற்றுப் பயன் உண்டு என 2000-ஆம் ஆண்டில் அது தீர்ப்பளித்தது. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதைக் காட்டி மகப்பேற்றுப் பயனை இடையில் நிறுத்தவியலாது என 2023-இல் தெளிவுபடுத்தியது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், 2025 மே 23 அன்று, மகப்பேற்று விடுப்பு இனப்பெருக்க உரிமையின் பகுதி என்றும் அவ்வுரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவோடு இணைந்தது என்றும் உரைத்தது. ஒரு காலத்தில் பரிவின்பாற்பட்ட சலுகையாகக் கருதப்பட்ட ஒன்று, இத்தீர்ப்புகளின் வரிசையில் உரிமையாக நிலைபெறுவதைக் காணலாம்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 26 வார விடுப்பு, 80 நாள் தகுதி ஆகிய அடிப்படை விதிகளை மாற்றமின்றி ஏற்றுக்கொண்டுள்ளது.

4. செலவை ஏற்பவர் யார்?

மகப்பேற்று ஊதியம் இந்தியாவில் இருவேறு வழிகளில் வழங்கப்படுகிறது. முதலாவது, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டு முறை. 2019 சூலையில் திருத்தப்பட்ட வீதத்தின்படி, ஊதியத்தில் 3.25 விழுக்காட்டை நிறுவனமும் 0.75 விழுக்காட்டைத் தொழிலாளியும் பொது நிதிக்குச் செலுத்துகின்றனர். மகப்பேற்றுப் பயன் அந்நிதியிலிருந்து வழங்கப்படுகிறது. 2017-இல் இதற்கான மாத ஊதிய உச்சவரம்பு ரூ.21,000 என வரையறுக்கப்பட்டது. இரண்டாவது, இக்காப்பீட்டுக்கு வெளியே உள்ள பெண்களுக்கான முறை. அங்கே 26 வார ஊதியம் முழுவதையும் அப்பெண்ணைப் பணியமர்த்திய நிறுவனமே நேரடியாகத் தர வேண்டும்.

இவ்விரண்டின் வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டு விளக்கும். மாதம் ரூ.20,000 பெறும் தொழிலாளிக்காக நிறுவனம் காப்பீட்டு நிதிக்கு ரூ.650 செலுத்துகிறது. அத்தொழிலாளி ஆணாயினும் பெண்ணாயினும் தொகை ஒன்றே. எனவே பெண்ணைப் பணியமர்த்துவதால் நிறுவனத்திற்குக் கூடுதல் செலவு நேர்வதில்லை. மாறாக, காப்பீட்டு வரம்புக்கு மேல் மாதம் ரூ.30,000 பெறும் பெண் மகப்பேற்று விடுப்பில் சென்றால், ஏறத்தாழ ரூ.1,80,000 அந்நிறுவனத்தின் கையிலிருந்தே செல்ல வேண்டும்; பதிலாள் வைத்தால் அவர்க்கான ஊதியம் தனி. பத்துப் பன்னிரண்டு பேரைக் கொண்டு இயங்கும் சிறு நிறுவனத்திற்கு இது பெருஞ்சுமையாகும். பெண்ணைக் காக்க எழுந்த விதியே, அவரைப் பணிக்குத் தேர்ந்தெடுப்பதில் தயக்கத்தை உண்டாக்கும் காரணமாகவும் மாறக்கூடும்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 183) இதனை முன்னுணர்ந்து, மகப்பேற்றுப் பயன் கட்டாயச் சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ வழங்கப்பட வேண்டும் என்பதைப் பொது நெறியாக வகுத்துள்ளது. இந்தியா அதனை ஏற்புறுதி செய்யவில்லை. எனினும் அந்நெறிக்கு இயைந்த காப்பீட்டு முறையொன்று 1948 முதலே இங்கு இருந்துவருவது கருதத்தக்கது. அதன் எல்லையை விரிப்பதே இங்குள்ள தேவை.

5. குழந்தைக் காப்பகம்: யாரை எண்ணுவது?

காப்பகம் அமைக்கும் கடமை எப்போது தோன்றும் என்பதைச் சட்டங்கள் எண்ணிக்கை ஒன்றால் வரையறுக்கின்றன. அவ்வெண்ணிக்கையில் மூன்று முறைகள் காணப்படுகின்றன.

முதலாவது, பெண்களை மட்டும் எண்ணும் முறை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தொடக்கத்தில் 50 பெண் தொழிலாளர்க்கு மேற்பட்ட ஆலைகளில் காப்பகம் வேண்டும் என்றது. 1976-இல் இவ்வெண் 30 ஆகக் குறைக்கப்பட்டது. 1996-ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டமும் 50 பெண் தொழிலாளர்க்கு மேல் என்றே வரையறுத்தது. இம்முறையில் 30 பெண்கள் வரை பணியாற்றிய ஆலைக்குக் கடமை இருக்கவில்லை. 31-ஆவது பெண் சேரும்போது கடமை தோன்றியது. பெண்களின் எண்ணிக்கையை எல்லைக்குள் நிறுத்திக்கொள்ள இது மறைமுகமாகத் தூண்டியது. குழந்தை தாய்க்கு மட்டுமே உரியது என்னும் கருத்தும் இதில் உறைந்துள்ளது.

இரண்டாவது, குழந்தைகளை எண்ணும் முறை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டபோது, 50 பெண் தொழிலாளர் என்பதோடு, பெண் தொழிலாளரின் குழந்தைகள் 20 பேர் இருந்தாலும் காப்பகம் வேண்டும் என்பது சேர்க்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்திற்கு அழைத்துவரப்படும் சிறு குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ இருப்பின், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் தொழிலாளியை அமர்த்த வேண்டும் என வகுத்தது. அவர்க்கும் கூலி உண்டு. தேவை எங்கிருக்கிறதோ அதை நேரடியாக அளக்கும் முறை இது.

மூன்றாவது, பணியாளர் அனைவரையும் எண்ணும் முறை. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம், ஆண், பெண் என்னும் வேறுபாடின்றி 50 பணியாளர் உள்ள நிறுவனங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. பெண்களைக் குறைத்துக் கடமையைத் தவிர்க்கும் வழி இதனால் அடைபட்டது. ஆயினும் அதே பிரிவு, காப்பகத்திற்கு நாளொன்றுக்கு நான்கு முறை சென்றுவரும் உரிமையைப் பெண்ணுக்கு மட்டுமே தருகிறது. கடமையைக் கணக்கிடும்போது ஆண் சேர்க்கப்படுகிறான். குழந்தையைச் சென்று காணும்போது விலக்கப்படுகிறான். புதிய தொகுப்புச் சட்டத்திலும் இம்முரண் தொடர்கிறது.

6. சட்ட எல்லைக்கு அப்பால்

தமிழ்நாட்டில் ஒரே தெருவில் வாழும் மூன்று பெண்களை எண்ணிப் பார்க்கலாம். மாநில அரசுப் பணியில் உள்ளவர்க்கு 2021 சூலை முதல் 12 மாத மகப்பேற்று விடுப்பு உண்டு. தனியார் நிறுவனத்தில் உள்ளவர்க்கு 26 வாரங்கள். வீட்டு வேலைக்குச் செல்பவர்க்கோ வீட்டிலிருந்தே பீடி சுற்றுபவர்க்கோ ஊதிய விடுப்பு என்பதே நடைமுறையில் இல்லை. வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ளோர்க்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின்கீழ் ரூ.18,000 மதிப்பிலான உதவி, பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் கிடைக்கிறது. இவ்வுதவி மதிப்புடையது. ஆனால் அது இழந்த கூலிக்கு ஈடன்று. மீண்டும் வேலைக்குச் செல்லும் நாளில் குழந்தையை எங்கே விடுவது என்னும் வினாவுக்கு விடையுமன்று.

பீடித்தொழில் இதற்குத் தக்க சான்று. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து உழைப்போரையும் தொழிலாளராக ஏற்றது. ஆனால் காப்பகக் கடமையைத் தொழிலகத்தோடு பிணைத்தது. வேலை வீடுகளுக்குள் சென்றபோது காப்பகம் உடன் செல்லவில்லை.

காலத்தாலும் ஓர் இடைவெளி உள்ளது. 26 வார விடுப்பு குழந்தைக்கு ஆறு மாதம் நிறைவதற்குள் முடிந்துவிடுகிறது. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் முன்பருவக் கல்வி மூன்று வயது முதலே அமைந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளே தாய்மார் வேலையை விடும் நெருக்கடிக்கு உள்ளாகும் காலம். அங்கன்வாடிகளைக் காப்பகங்களாகவும் இயங்கச்செய்யும் மத்திய அரசின் ‘பால்னா’ திட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளை ஏற்பதால் இவ்விடைவெளியைச் சரியாக இனங்கண்டுள்ளது எனலாம்.

பள்ளிப் பருவத்தில் வேறொரு வகைத் துணை கிடைக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் பசியைப் போக்குவதோடு, வேலைக்குச் செல்லும் தாய்மாரின் காலைப் பணிச்சுமையைக் குறைப்பதையும் நோக்கமாகக் கொண்டது. எந்த நிறுவனத்தில் வேலை, எத்தனை பேர் பணியாற்றுகின்றனர் என்னும் கேள்விகள் இங்கு எழுவதில்லை. குழந்தை பள்ளியில் இருக்கிறது என்பதே தகுதி.

7. தந்தையின் பங்கு

மத்திய அரசுப் பணியாளர்க்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் துறைக்கு அத்தகைய நாடு தழுவிய சட்டமில்லை. மத்திய அரசின் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் பெண்களுக்கும், 2018 முதல் தனித்து வாழும் தந்தையர்க்கும் மட்டுமே உரியது. மனைவியுடன் வாழும் தந்தை பராமரிப்பாளராகக் கருதப்படவில்லை.

சுவீடன் 1974-இல் தாய்க்கான காப்பீட்டைப் பெற்றோர் இருவர்க்குமான காப்பீடாக மாற்றியது. ஆயினும் தந்தையர் அவ்விடுப்பைக் குறைவாகவே பயன்படுத்தியதால், ஒவ்வொரு பெற்றோர்க்குமெனத் தனி நாள்கள் 1995 முதல் ஒதுக்கப்பட்டன. தற்போது மொத்தமுள்ள 480 நாள்களில் ஒவ்வொருவர்க்கும் 90 நாள்கள் மற்றவர்க்கு மாற்றித் தரவியலாதவை. உரிமையை அறிவிப்பது மட்டும் போதாது. பயன்படுத்தாவிடின் இழக்க நேரும் வகையில் அதனை அமைக்கும்போதே வழக்கம் மாறத் தொடங்குகிறது என்பது இதனால் பெறப்படும் பாடம்.

8. முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

• மகப்பேற்று விடுப்பின் கால அளவு உயர்ந்துள்ளது. அதன் செலவைப் பொதுமையாக்கும் ஏற்பாடு அதற்கு ஈடாக வளரவில்லை. நிறுவனம் நேரடியாகச் சுமக்கும் முறையினும் காப்பீட்டு முறையே பெண்ணின் பணிவாய்ப்புக்குப் பாதுகாப்பானது.

• காப்பக விதிகளில் பெண்களை எண்ணும் முறை குறையுடையது. பணியாளர் அனைவரையும் எண்ணும் முறை அதனினும் சிறந்தது. அமைப்புசாராப் பணிகளுக்குக் குழந்தைகளை எண்ணும் முறையே பொருந்தும்.

• விடுப்பு முடிவதற்கும் முன்பருவக் கல்வி தொடங்குவதற்கும் இடைப்பட்ட காலமே கொள்கை வகுப்போர் முதலில் கருத வேண்டிய களம்.

• காப்பகத்திற்குச் சென்றுவரும் உரிமையும் பராமரிப்பு விடுப்பும் தந்தைக்கும் விரியாதவரை, பங்கீட்டு வேறுபாடு குறைவது அரிது.

தூளியை மரக்கிளை தாங்கியது. குழந்தையைத் தாய் ஒருத்தியே தாங்கினாள். அச்சுமையைக் காப்பீட்டு நிதியும் நிறுவனமும் அரசும் தந்தையும் பகிர்ந்துகொள்ளும் அளவே, ஒரு கொள்கை துணைநிற்கும் கொள்கையா என்பதை அளக்கும் கோலாகும்.