டர்போ டீசல் வண்டியில் காற்றழுத்த சென்சார் பழுதா? கண்டறியும் முறைகள்

விளைந்த காய்கறிகளையும் பாலையும் காலத்தோடு சந்தைக்குக் கொண்டு செல்ல, உழவர் பெருமக்கள் பலர் டர்போ டீசல் எஞ்சின் பொருத்திய கார், ஜீப், பிக்கப் ஆகிய வண்டிகளைச் சொந்தமாக வைத்துள்ளனர். 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் கடுமையான புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்ததால், அவற்றிலும் கணினியால் இயங்கும் டீசல் எஞ்சின்கள் வந்துவிட்டன.

இத்தகைய வண்டி மேட்டில் இழுக்காமல் திணறும்போதும், முகப்பில் மஞ்சள் விளக்கு எரியும்போதும், ‘சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்று பணிமனையில் கூறுவது வழக்கம். பணம் செலவழித்துப் புதிய சென்சார் பொருத்திய பின்னும் அதே குறை திரும்ப வருவது உண்டு. காரணம், பல நேரங்களில் சென்சார் பழுதாவதில்லை. வேறோர் இடத்திலுள்ள பழுதை அது சரியாகவே தெரிவிக்கிறது. எனவே சென்சாரை மாற்றும் முன் அது சொல்வது மெய்யா பொய்யா என்று சோதித்தறிதல் அவசியம். அதற்கான எளிய முறைகள் கீழே தரப்பட்டுள்ளன.

டர்போவும் சென்சாரும் வேலை செய்யும் விதம்

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தால் டர்போவின் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம், ஏர் ஃபில்டர் வழியாக வெளிக்காற்றை இழுத்து அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று சூடேறுவதால், இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பான் வழியாகச் சென்று எஞ்சினை அடைகிறது. காற்று மிகுதியாகக் கிடைப்பதால், மிகுதியான டீசலை முழுமையாக எரித்துக் கூடுதல் திறன் பெற முடிகிறது.

எவ்வளவு காற்று வந்து சேர்ந்துள்ளது என்று தெரிந்தால்தான் கணினி டீசலை அளந்து விட முடியும். இதற்காகவே எஞ்சினின் காற்றுக் குழாயில் அழுத்த சென்சார் பொருத்தப்பட்டுள்ளது. இதனுள் இருக்கும் மெல்லிய சிலிக்கான் தகடு அழுத்தத்திற்கேற்ப வளைகிறது. அந்த வளைவுக்கேற்ப சென்சார் அனுப்பும் மின்னழுத்தமும் கூடிக் குறைகிறது.

இங்கு ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். டயர் காற்றை அளக்கும் மானி, வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கணக்கில் கொள்வதில்லை. டயரில் காற்றே இல்லையெனில் அது பூஜ்யம் காட்டும். வண்டியின் சென்சாரோ வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே காட்டும். எனவே எஞ்சின் நின்றிருக்கும்போதும் அதன் அளவு பூஜ்யமாக இராது. கடல் மட்டத்தில் சுமார் 101 கிலோபாஸ்கல் இருக்கும்.

அறிகுறிகள்

1. மேட்டிலும் பாரத்துடனும் இழுவை குறைதல்.
2. எஞ்சின் விளக்கு எரிந்து, வண்டி குறிப்பிட்ட வேகத்திற்கு மேல் ஏற மறுத்தல். எஞ்சினைக் காக்கும் பொருட்டுக் கணினியே திறனைக் குறைத்துவிடுவதால் இது நேர்கிறது.
3. வழக்கத்திற்கு மாறாகக் கரும்புகை வருதல். காற்றைவிட டீசல் மிகுந்துவிட்டது என்பது இதன் பொருள்.
4. டீசல் செலவு கூடுதல்.

இவை யாவும் சென்சார் பழுதினால் வரலாம். ஏர் ஃபில்டர் அடைப்பு, குழாய்க் கிழிசல், டர்போவின் பழுது ஆகியவற்றாலும் வரலாம். நீலநிறப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். அதற்கும் இந்த சென்சாருக்கும் தொடர்பில்லை.

குறியீட்டு எண்ணைப் படிக்கும் முறை

ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே, ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் 16 துளைகள் கொண்ட இணைப்பு இருக்கும். இதில் ஸ்கேனரைச் செருகினால், கணினி பதிந்து வைத்துள்ள பழுதுக் குறியீடுகள் தெரியும். செல்பேசியுடன் இணைந்து வேலை செய்யும் சிறிய கருவிகளும் கிடைக்கின்றன. நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது சிக்கனமாகும்.

பி 0237: சென்சாரிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகக் குறைவு.
பி 0238: அம்மின்னழுத்தம் மிக அதிகம்.
பி 0236: சென்சார் காட்டும் அளவு பொருத்தமாக இல்லை.
பி 0299: டர்போவின் அழுத்தம் போதவில்லை.
பி 0234: டர்போவின் அழுத்தம் அளவுக்கு மீறியுள்ளது.

முதல் இரண்டு எண்களும் பெரும்பாலும் சென்சார், ஒயர், இணைப்பு ஆகியவற்றில் உள்ள மின்பழுதைக் குறிக்கின்றன. கடைசி இரண்டும் காற்றின் அளவையே குறிக்கின்றன. அவற்றைக் கண்டவுடன் சென்சாரை மாற்றுவது வீண் செலவாகும். எண்களை அழிக்கும் முன் தாளில் குறித்துக்கொள்ளவும். அழித்துவிட்டால் பழுதின் தடயமும் போய்விடும்.

கண்ணால் பார்த்தறிய வேண்டியவை

எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டபின் கீழ்க்கண்டவற்றைச் சோதிக்கவும்.

1. ஏர் ஃபில்டர்: அறுவடைக் காலப் புழுதியில் இது விரைவில் அடைபடும். அடைத்திருந்தால் மாற்றவும்.

2. ரப்பர்க் குழாய்கள்: டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் செல்லும் குழாய்களையும் கிளாம்புகளையும் கையால் தடவிப் பார்க்கவும். குழாயின் அடிப்புறம் கண்ணுக்குத் தெரியாதபடி கிழிந்திருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் எண்ணெய்க் கசிவும் புழுதியும் படிந்திருந்தால் அங்கே காற்று கசிகிறது எனலாம். பாரத்துடன் செல்லும்போது மட்டும் ‘உஸ்’ என்ற ஒலி கேட்பதும் கசிவின் அடையாளமே.

3. இணைப்பும் ஒயரும்: கொட்டகையில் நிற்கும் வண்டிகளில் எலிகள் ஒயரைக் கடிப்பது வழக்கம். ஒயர் நெடுகப் பார்க்கவும். சென்சாரின் இணைப்பைக் கழற்றி, ஊசிகளில் பச்சை நிறக் களிம்போ ஈரமோ உள்ளதா என்றும், ஊசி வளைந்துள்ளதா என்றும் பார்க்கவும்.

4. சிறு குழாய்: சில வண்டிகளில் சென்சார் தனியே பொருத்தப்பட்டு, சிறிய ரப்பர்க் குழாய் மூலம் எஞ்சினுடன் இணைக்கப்பட்டிருக்கும். அது வெடித்திருந்தாலோ அடைத்திருந்தாலோ நல்ல சென்சாரும் தவறான அளவையே காட்டும்.

எஞ்சினை இயக்காமல் செய்யும் சோதனை

செலவில்லாத இச்சோதனையே மிகவும் பயனுள்ளது. சாவியைத் திருப்பி மின்சாரம் மட்டும் வரச்செய்து, எஞ்சினை இயக்காமல் ஸ்கேனரில் காற்றுக் குழாயின் அழுத்த அளவைப் பார்க்கவும். டர்போ சுழலாததால், குழாயினுள் வெளிக்காற்றின் அழுத்தமே இருக்கும். சென்சார் நல்ல நிலையில் இருந்தால் அந்த அளவையே காட்ட வேண்டும்.

ஊரின் உயரத்திற்கேற்ப இந்த அளவு மாறும். சென்னையில் சுமார் 101, கோயம்புத்தூரில் சுமார் 97, உதகமண்டலத்தில் சுமார் 78 கிலோபாஸ்கல் இருக்கும். 100 மீட்டர் உயரத்திற்குச் சுமார் 1 கிலோபாஸ்கல் குறையும் எனக் கணக்கிட்டுக்கொள்ளலாம். பல வண்டிகளில் வெளிக்காற்றின் அழுத்தத்தை அளக்கத் தனி சென்சாரும் உண்டு. அதன் அளவும் ஸ்கேனரில் தெரிந்தால், இரண்டையும் ஒப்பிடுவது இன்னும் எளிது.

சமவெளியில் நிற்கும் வண்டியில், எஞ்சின் ஓடாதபோதே 60 என்றோ 150 என்றோ காட்டினால், சென்சார் அல்லது அதன் ஒயர் பழுது என்று அறியலாம்.

பாரத்துடன் ஓட்டிப் பார்த்தல்

மேற்கண்ட சோதனையில் அளவு சரியாக இருந்தால், ஆளில்லாத மேட்டுச் சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் சாலையை மட்டும் கவனிக்க, மற்றொருவர் ஸ்கேனரைக் கவனிக்கவும். நியூட்ரலில் எஞ்சினை முறுக்கிப் பார்ப்பதால் பயனில்லை. பாரம் இருந்தால்தான் டர்போ முழு அழுத்தம் தரும்.

நல்ல நிலையில் உள்ள வண்டியில், எஞ்சின் மெதுவாக ஓடும்போது வெளிக்காற்றை ஒட்டியிருந்த அளவு, ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்து மேடு ஏறும்போது பெரும்பாலும் 180 முதல் 250 கிலோபாஸ்கல் வரை உயரும். சாதாரண ஸ்கேனர்கள் பல 255-க்கு மேல் காட்டா. எனவே அந்த எண்ணில் நின்றால் பழுது என எண்ண வேண்டாம்.

அளவு மெதுவாகவும் குறைவாகவும் உயர்ந்து, வண்டியும் இழுக்கவில்லையெனில், சென்சார் மெய் சொல்கிறது. கசிவையோ டர்போவின் குறையையோ தேட வேண்டும். வண்டி நன்றாக இழுத்தும் அளவு ஏறாமல் ஒரே இடத்தில் நின்றால், சென்சாரின் துளை அடைத்துள்ளது அல்லது சென்சார் பழுதாகியுள்ளது எனக் கொள்ளலாம்.

மல்டிமீட்டர் சோதனை

மின்பழுதைக் குறிக்கும் எண் வந்திருந்தால், மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு இதனைச் செய்யவும். சென்சாருக்கு 5 வோல்ட் ஒயர், எர்த் ஒயர், அளவை அனுப்பும் ஒயர் என மூன்று ஒயர்கள் உண்டு. நான்காவது இருந்தால் அது காற்றின் வெப்பத்தை அளப்பதற்கானது.

இணைப்பைக் கழற்றி, சாவியைத் திருப்பி, ஒயர்ப் பக்கத்தில் அளந்தால் 5 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையெனில் பழுது ஒயரிலோ கணினியிலோ உள்ளது. அதே 5 வோல்ட்டைப் பகிர்ந்துகொள்ளும் வேறொரு சென்சார் ஷார்ட் ஆகியிருந்தாலும் இவ்வாறு நேரும். இணைப்பை மீண்டும் மாட்டி, எஞ்சினை இயக்காமல் அளவு ஒயரைச் சோதித்தால், பெரும்பாலான வண்டிகளில் 1 முதல் 2 வோல்ட் இருக்கும். பூஜ்யத்தையோ 5 வோல்ட்டையோ ஒட்டி நின்றால் பழுது உறுதி. ஒயரின் உறையில் ஊசியால் குத்தி அளக்கக் கூடாது. அந்தத் துளை வழியே நீர் புகுந்து களிம்பு பிடிக்கும்.

சுத்தம் செய்தலும் மாற்றுதலும்

காற்றுக் குழாயில் வரும் கரியும் எண்ணெய்ப் பசையும் சென்சாரின் துளையை அடைக்கக்கூடும். சென்சாரைக் கழற்றி, மின்கருவிகளைத் துடைப்பதற்கென விற்கும் கிளீனரைத் தெளித்து, தானாக உலரவிடவும். கம்பியால் குத்துவதோ, கம்ப்ரசர் காற்றை அடிப்பதோ உள்ளிருக்கும் மெல்லிய தகட்டை உடைத்துவிடும். ரப்பர் வளையம் வெடித்திருந்தால் புதியது போடவும்.

சுத்தம் செய்தும் அளவு தவறாகவே இருந்தால் மட்டும் மாற்றலாம். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் சென்சார்களின் அளவு எல்லை வேறுபடும். எனவே பழைய சென்சாரில் உள்ள பாக எண்ணைக் காட்டியே வாங்கவும். பொருத்திய பின் குறியீட்டை அழித்து, பாரத்துடன் ஓட்டிப் பார்த்து, அது மீண்டும் வரவில்லை என உறுதி செய்துகொள்ளவும்.

எச்சரிக்கை

டீசல் செல்லும் ரெயில் குழாயிலும் ஓர் அழுத்த சென்சார் உண்டு. அதன் குறியீடுகள் பி 0190 முதல் பி 0193 வரை வரும். அக்குழாயில் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல் இருக்கும். எஞ்சின் ஓடும்போது அதன் நட்டைத் தளர்த்தினால், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் கையையே இழக்க நேரிடலாம்; உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இப்பகுதியைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

பணிமனைக்குச் செல்லும்போது குறியீட்டு எண், எஞ்சின் ஓடாதபோது இருந்த அளவு, மேட்டில் இருந்த அளவு ஆகிய மூன்றையும் எழுதி எடுத்துச் செல்லவும். இம்மூன்றும் கையில் இருந்தால், நல்ல சென்சாரைக் கழற்றி எறியும் வீண் செலவைத் தவிர்த்து, உண்மையான பழுதை விரைவில் நீக்கிப் பயன் பெறலாம்.