கால்நடைக்கு எமனாகும் உண்ணிச்செடி

மதுரையைச் சுற்றியுள்ள அழகர்மலை, சிறுமலை அடிவாரங்களில் மேய்ச்சல் நிலத்தைப் புதராக மூடி வருவது உண்ணிச்செடி. உன்னிமுள் என்றும் இதைச் சொல்வதுண்டு. தாவரவியல் பெயர் லாண்டானா கமரா. அமெரிக்க வெப்ப நாடுகளைச் சேர்ந்த இச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூ அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. பின்னர் வேலிச்செடியாகப் பரவிக் காடேறியது. பழத்தைத் தின்னும் பறவைகள் விதையை எங்கும் எச்சமிடுகின்றன. இதன் புதரடியில் புல் சரிவர வளர்வதில்லை.

அடையாளம்

தண்டு நாற்பட்டையாக இருக்கும். அதில் வளைந்த சிறு முட்கள் காணப்படும். இலைகள் எதிரெதிராக அமைந்து, சொரசொரப்பாக, ஓரம் பல் பல்லாக இருக்கும். கசக்கினால் கடும் நெடி வீசும். ஒரே பூங்கொத்தில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பும் தெரியும். பச்சைக் காய்கள் பழுத்ததும் கருத்துவிடும். வீட்டுத் தோட்ட வகைகளில் முள் இல்லாமலும் இருக்கலாம்; அப்போது நெடியையும் பூவையும் கொண்டு அறிய வேண்டும்.

கால்நடைக்கு நஞ்சு

இதன் தழை ஈரலைக் கெடுக்கும். பழகிய மாடுகள் இதை ஒதுக்கிவிடும். சந்தையில் வாங்கி வந்த புது மாடுகளும், வறட்சியில் பசியால் வாடும் மாடுகளுமே பெரும்பாலும் தின்றுவிடுகின்றன. தீனி எடுக்காமை, மலச்சிக்கல், கண் மஞ்சளித்தல் ஆகியவை அறிகுறிகள். வெயில் பட்டால் மூக்கு, காது, மடித்தோல் வெடித்துப் புண்ணாகும். உடனே மாட்டை நிழலில் கட்டி, கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். தின்ற தழை வயிற்றில் தங்கி நஞ்சு ஏறிக்கொண்டே இருக்குமாதலால், ஒரு நாள் தாமதமும் ஆபத்தே. குழந்தைகள் பச்சைக் காயைத் தின்னாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒழிக்கும் முறை

மேலாக வெட்டினாலும் தீ வைத்தாலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். மழை பெய்து மண் ஈரமாக உள்ளபோது, காய் பிடிக்குமுன், ஆணிவேரை மண்ணுக்குக் கீழே இரண்டு அங்குல ஆழத்தில் வெட்டிப் புதரைப் பெயர்க்க வேண்டும். பெயர்த்த புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட்டால் மீண்டும் வேர் பிடிக்காது. அடுத்த மழைகளில் முளைக்கும் நாற்றுகளைக் கையால் பிடுங்கி, அவ்விடத்தில் கொழுக்கட்டைப் புல் விதைப்பது நல்லது.

இவற்றைச் சொந்த நிலத்திலும் வரப்பிலும் செய்யலாம். காப்புக் காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி தேவை. அந்நியச் செடிகளை அகற்றத் தமிழக அரசு 2022இல் தனிக் கொள்கையே வகுத்துள்ளது. எனினும் வரப்பில் நிற்கும் ஒரு புதர் போதும், அடுத்த ஆண்டு மேய்ச்சல் நிலம் முழுதும் நாற்று முளைக்க. புது மாடு வாங்குவோர் அதை மேய்ச்சலுக்கு ஓட்டுமுன் வேலியைச் சுற்றிப் பார்ப்பது நலம்.