மழையில் நின்ற மோட்டார் வேன்: எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சோதித்தலும் மாற்றுதலும்

புனே நகருக்கு மேற்கே, மும்பை–பெங்களூரு நெடுஞ்சாலைக்கு அருகில் ஹிஞ்சேவாடி என்னும் ஊர் இருக்கிறது. முன்னர் வயல்கள் சூழ்ந்த கிராமமாயிருந்த அவ்விடத்தில் இன்று ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பார்க் பரந்து கிடக்கிறது. மோட்டார் வாகனத் தொழிலுக்கான மென்பொருளும் பொறியியற் பணியும் செய்துதரும் கே.பி.ஐ.டி. டெக்னாலஜிஸ், டாட்டா டெக்னாலஜிஸ் ஆகிய நிறுவனங்களின் தலைமையகங்கள் அங்கேயே உள்ளன. அவ்வூர்ச் சாலைகளில் காலையும் மாலையும் ஊழியர்களை ஏற்றிச் செல்வன வேன்களே. மழைக்காலத்தில் அச்சாலைகளில் நீர் தேங்குவதும் உண்டு. 2025 ஜூன் மாதத்தில் அவ்வாறு தேங்கிய நீர் பத்திரிகைகளில் செய்தியாயிற்று.

ஒரு மழைக்கால மாலையில் அத்தகைய வேன் ஒன்றில் இக்கட்டுரையாளரும் பயணம் செய்ய நேர்ந்தது. தேங்கிய நீரை வண்டி ஒருவாறு கடந்துவிட்டது. மறுநாட்காலை அது கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பற்றவில்லை. சாவியைத் திருப்பியதும் ஒளிரவேண்டிய ‘செக் எஞ்சின்’ விளக்கு ஒளிரவுமில்லை. ஒரு பட்டறையில் ஸ்கேனரை இணைத்துப் பார்த்தபோது கட்டுப்பாட்டுப் பெட்டியிடமிருந்து மறுமொழி வரவில்லை. ‘ஈ.சி.எம். போய்விட்டது’ என்று தீர்ப்புக் கூறப்பட்டது. வண்டியின் உரிமையாளரே அதன் ஓட்டுநரும் ஆவார். இரண்டு மாத வருமானத்திற்கு மேற்பட்ட தொகையைக் கடன் பெற்று அவர் புதிய பெட்டியை வாங்கிப் பொருத்தச் செய்தார். வண்டி கிளம்பியது. ஒன்பதாம் நாள் மீண்டும் அதே இடத்தில், அதே விதமாக நின்றது.

இவ்வாறு நேர்ந்ததன் காரணத்தைக் காணுமுன், அப்பெட்டியின் தொழில் யாதென அறிவது நலம். எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் எந்நிலையில் உள்ளது, உட்செல்லும் காற்று எவ்வளவு, குளிர்விக்கும் நீரின் வெப்பம் என்ன, ஆக்சிலரேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டுள்ளது என்பவற்றைச் சென்சார்கள் ஓயாமல் தெரிவிக்கின்றன. அவற்றைக் கொண்டு, எரிபொருளை எக்கணத்தில், எத்தனை மில்லி வினாடி நேரம் பீய்ச்சவேண்டும் என்பதைப் பெட்டி கணக்கிட்டு ஆணையிடுகிறது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967இல் எரிபொருளை மட்டும் கவனிக்கும் எலெக்ட்ரானிக் அமைப்பை வோக்ஸ்வாகன் கார்களில் புகுத்திற்று. தீப்பொறியையும் சேர்த்து ஆளும் ‘மோட்ரானிக்’ 1979இல் வந்தது. நம் நாட்டில் புகை பற்றிய விதிகள் படிப்படியாகக் கடுமையாயின. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின், இத்தகைய பெட்டியில்லாத புதிய வேன் இல்லையென்றே கூறலாம். கார்புரேட்டரின் திருகைச் சற்றே திருப்பி வண்டியைக் கிளப்பிய காலம் போய்விட்டது.

பெட்டி விலையுயர்ந்தது, உள்ளே இருப்பது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகவே காரணம் தெரியாத பழுதெல்லாம் அதன் தலையில் ஏற்றப்படுகிறது. உண்மையில் அது எளிதில் கெடுவதன்று. அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பிகள், ஃப்யூஸ், ரிலே, கப்ளர், எர்த் இணைப்பு ஆகியவையே பெரும்பாலும் கெடுகின்றன. மழைநீர் முதலில் பற்றுவதும் இவற்றையே.

மேற்படி வேனை இரண்டாம் முறை பார்த்தவர் வயது முதிர்ந்த ஓர் எலெக்ட்ரீஷியன். ஸ்கேனரை அவர் தொடவில்லை. மல்ட்டிமீட்டரைப் பெட்டியின் கப்ளரில் வைத்தார். 12 வோல்ட் காட்டிற்று. அத்துடன் நில்லாமல், பிரேக் விளக்கின் 21 வாட் பல்பு ஒன்றில் இரு கம்பிகளைச் சேர்த்து, மீட்டர் வைத்த அதே இரு பின்களிடையே கொடுத்தார். பல்பு எரியவில்லை. பின்னர் ஒரு கம்பியை அங்கேயே வைத்து, மற்றதை நேரே பாட்டரியின் எதிர்முனையில் வைத்தார். பல்பு பளிச்சென எரிந்தது. ஆகவே குற்றம் எர்த் வழியில் என்பது துலங்கிற்று. பாட்டரித் தட்டின் அடியில், எர்த் கம்பியின் முனை பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது.

மீட்டர் 12 வோல்ட் காட்ட, பல்பு மறுத்ததேன்? ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். அரித்த இணைப்பின் தடை 20 ஓம் எனக் கொள்வோம். மல்ட்டிமீட்டரின் தடை வழக்கமாகச் சுமார் ஒரு கோடி ஓம். அதனூடே செல்லும் மின்னோட்டம் மிகமிகச் சிறிது. ஆகவே 20 ஓமில் இழக்கப்படும் மின்னழுத்தமும் கணக்கில் வராது. எரியும் 21 வாட் பல்பின் தடையோ ஏறக்குறைய 7 ஓம். 12 வோல்ட்டை 20-க்கும் 7-க்கும் பங்கிட்டால் பல்பிற்குக் கிடைப்பது சுமார் 3 வோல்ட்டே. இழை குளிர்ந்திருக்கையில் அதன் தடை இன்னும் குறைவாதலால் அதுவும் கிடைப்பதில்லை. பாட்டரி, பல்பு, மீட்டர், 10 வாட் தாங்கும் 20 ஓம் தடை ஆகியவை இருந்தால் போதும். தடை சூடேறும்; கையால் தொடலாகாது.

முதற்பட்டறையார் பெட்டியை மாற்றும்பொருட்டுப் பாட்டரி முனைகளைக் கழற்றி மீண்டும் முடுக்கியபோது, அரித்த முனை சற்றே அசைந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டது. வண்டி கிளம்பியதற்குக் காரணம் அதுவே. புதிய பெட்டிக்கு அதில் பங்கில்லை.

எர்த்திற்கு அடுத்தபடி, நம்மை அதிகம் ஏமாற்றுவது 5 வோல்ட் வழியாகும். பெட்டி தன் 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டை உண்டாக்கிப் பல சென்சார்களுக்கு வழங்குகிறது. அவற்றுள் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் அந்த 5 வோல்ட் முழுதும் வீழ்ந்து, எல்லாச் சென்சார்களும் பொய்யுரைக்கும். பெட்டி செத்ததுபோலவே தோன்றும். சென்சார்களின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வருக. எதனைக் கழற்றியதும் 5 வோல்ட் மீள்கிறதோ அதுவே குற்றவாளி.

ஸ்கேனர் பேசவில்லையெனில், ஸ்டீயரிங்கின் கீழுள்ள 16 பின் சாக்கெட்டை முதலில் நோக்கவேண்டும். 16ஆம் பின்னில் பாட்டரி மின்னழுத்தமும், 4ஆம் பின்னில் எர்த்தும் இருத்தல் வேண்டும். இல்லையேல் அந்தச் சாக்கெட்டின் ஃப்யூஸே போயிருக்கலாம். 6, 14ஆம் பின்கள் ‘கான்’ எனப்படும் செய்திக் கம்பிகள். அக்கம்பிகளின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடைகள் உண்டு. பாட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால், இணையாக அமைந்த அவ்விரண்டும் சேர்ந்து 60 ஓம் காட்டவேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு கோடி அறுந்துள்ளது என்பது பொருள். குறியெண்களையும் அப்படியே நம்பலாகாது. பி 0335 என்பது கிராங்க் சென்சாரின் மின்சுற்றைக் குறிப்பது. கம்பி அறுந்தாலும் அதே எண் வரும். பி 0606 என்பது பெட்டியின் சொந்தப் பழுதைச் சுட்டும் எண். எனினும் மின்சாரமும் எர்த்தும் சரியென நிறுவிய பின்னும் அது திரும்பத் திரும்ப வந்தாலன்றிப் பெட்டியைக் குறைகூறுதல் தகாது.

பெட்டி மெய்யாகவே கெட்டிருப்பின், அதைக் கொன்றது எது என்பதை முதலில் தேடவேண்டும். ஷார்ட் ஆன இன்ஜெக்டரோ, பாட்டரியைக் கழற்றாமல் செய்த வெல்டிங்கோ, மாற்றிக் கொடுத்த பாட்டரி முனைகளோ காரணமாயிருக்கலாம். தேடாவிடில் புதியதும் அவ்வழியே செல்லும்.

மாற்றும் வேலை ஸ்பானரோடு முடிவதில்லை. மேலொட்டியுள்ள எண், கடைசி எழுத்துவரை, பழையதோடு ஒத்திருக்கவேண்டும். பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்த பின்னரே கப்ளரைப் பிரிக்கவேண்டும். பின்களை விரலால் தொடலாகாது. பொருத்தியபின் அவ்வண்டிக்குரிய மென்பொருளையும் வண்டி எண்ணையும் அதில் எழுதவேண்டும். சாவியை அறிமுகம் செய்யவேண்டும். டீசல் வண்டிகள் பலவற்றில் ஒவ்வோர் இன்ஜெக்டரின் திருத்த எண்ணையும் பதியவேண்டும். எழுதும் நேரம் முழுதும் பாட்டரியோடு சார்ஜர் இணைந்திருத்தல் அவசியம். நடுவே மின்னழுத்தம் தாழ்ந்தால் புதிய பெட்டி பயனற்றுப் போகக்கூடும்.

பள்ளி வேன்களையும் களப்பணி வண்டிகளையும் பொறுப்பில் வைத்திருப்போர் பெட்டி மாற்றுவதற்கான மதிப்பீட்டில் கையொப்பமிடுமுன், எர்த்தும் 5 வோல்ட்டும் சுமையோடு அளக்கப்பட்டனவா, அளவு என்ன என்று எழுத்தில் கேட்கலாம். எஞ்சினைக் கழுவுவோர் அழுத்த நீரைக் கப்ளர்களின்மீது பாய்ச்சாமல் பார்த்துக்கொள்வதும் நன்று.

ஹிஞ்சேவாடி வேனுக்குப் புதிய முனை பொருத்தி, வாஸலின் தடவி முடிக்கச் சில நூறு ரூபாயே ஆயிற்று. பொருத்திய மின்சாதனத்தைத் திரும்பப் பெறுவதில்லை என்பது கடைக்காரர்களின் வழக்கமாதலால் புதிய பெட்டியின் விலை போனது போனதுதான். பழைய பெட்டியை விற்கவும் இயலவில்லை. அது அந்த வண்டியின் சாவியை மட்டுமே அறியும். துணியில் சுற்றி இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறார்.