ஒரே ஆட்டத்தில் 480 கெஜம்

2012 ஜனவரி 1. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்ற சிறிய ஊர். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும், முட்டி மோதும் அமெரிக்கக் கால்பந்து அங்கே நடக்கிறது. உள்ளூர் அணியான பேக்கர்ஸ் ஏற்கெனவே முதலிடத்தை உறுதி செய்துவிட்டதால், தன் நட்சத்திர வீரர் ஆரன் ராட்ஜர்ஸுக்கு ஓய்வு கொடுத்திருந்தது. அவருடைய இடத்தில் இறங்கியவர் மேட் ஃபிளின்.

அந்த இடத்துக்குப் பெயர் குவார்ட்டர்பேக். பதினொரு பேர் கொண்ட அணியில் பந்து முதலில் வருவது இவர் கைக்குத்தான். எதிரணி ஆட்கள் பாய்ந்து வந்து அமுக்குவதற்குள், இரண்டு மூன்று விநாடியில் யாருக்கு எறிவது என்று முடிவெடுக்க வேண்டும். அதனால் அணியிலேயே அதிகச் சம்பளம் பெரும்பாலும் இவருக்குத்தான்.

ஃபிளின் அன்று எல்லா எறிதல்களும் சேர்த்து மொத்தம் 480 கெஜம் எறிந்தார். ஆறு டச்டவுன், அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் எறிதல்கள். இரண்டுமே ஒரே ஆட்டத்துக்கான பேக்கர்ஸ் அணிச் சாதனைகள்! சில வாரங்களில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. சியாட்டில் சீஹாக்ஸ் அணி மூன்று ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் தருவதாக அழைத்துக்கொண்டது. அதில் 1 கோடி டாலர், அவர் ஆடினாலும் ஆடாவிட்டாலும் கொடுத்தே தீரவேண்டிய பணம்.

அதுவரை அவர் முதல் வீரராக இறங்கி ஆடியவை மொத்தம் இரண்டே ஆட்டங்கள். நீங்கள் அணியின் முதலாளியாக இருந்தால் கொடுப்பீர்களா?

பதில் சொல்வதற்கு முன் ஒரு சோதனை. வகுப்பில் 40 பேர் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாணயத்தை 10 முறை சுண்டுங்கள். எட்டோ அதற்கு மேலோ தலை விழுந்தவர்கள் கை தூக்குங்கள். அப்படி விழுவதற்கான வாய்ப்பு 1,024-க்கு 56. ஆகவே சராசரியாக இரண்டு பேர் கை தூக்குவார்கள். அவர்களுக்குச் 'சுண்டல் திலகம்' என்று பட்டம் கொடுத்துவிட்டு, மறுபடி 10 முறை சுண்டச் சொல்லுங்கள். இந்தத் தடவை ஐந்தை ஒட்டித்தான் தலை விழும். பட்டம் வாங்கியதும் திறமை போய்விட்டதா? திறமை முதலிலேயே இல்லை. பலர் ஒரே வேலையைச் செய்யும்போது யாராவது ஓரிருவர் தற்செயலாகவே பளிச்சென்று தெரிவார்கள்.

ஆட்டக்காரர் நாணயம் இல்லையே என்று நீங்கள் கேட்பது சரிதான். அவரிடம் திறமை இருக்கிறது, அதோடு அன்றைய அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. இந்தக் கலவை என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சான்று: 1886-இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் 928 பிள்ளைகளின் உயரத்தை அவர்களுடைய பெற்றோரின் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகளும் உயரமாகத்தான் இருந்தார்கள், ஆனால் சராசரியில் பெற்றோரின் அளவை எட்டவில்லை. மிகக் குட்டையான பெற்றோரின் பிள்ளைகளோ பெற்றோரைவிடக் கொஞ்சம் வளர்ந்திருந்தார்கள். எங்கெல்லாம் ஓர் அளவில் தற்செயலும் கலந்திருக்கிறதோ, அங்கெல்லாம் உச்சத்துக்கு அடுத்து வருவது பெரும்பாலும் சராசரியை நோக்கி நகரும். ஃபிளினின் அடுத்த ஆட்டம் 480 கெஜத்தைத் தொடாது என்று, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் பந்தயம் கட்டியிருக்கலாம்.

அந்த 480-க்குள் இன்னும் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். பந்தைப் பிடித்தவர் அதை வைத்துக்கொண்டு 50 கெஜம் ஓடினால், அந்த ஓட்டமும் எறிந்தவர் கணக்கில்தான் ஏறும். பேக்கர்ஸ் அந்தப் பருவத்தில் 16 ஆட்டங்களில் 15 வென்ற அணி. பந்து பிடிப்பவர்கள் கெட்டிக்காரர்கள். எனக்கு மிகவும் பிடித்த சான்று எதிரணியிடம் இருக்கிறது: அதே ஆட்டத்தில் டெட்ராய்ட் அணியின் மேத்யூ ஸ்டாஃபர்ட் 520 கெஜம் எறிந்தார், எறிந்தும் 45-41 என்று தோற்றார்! இரு பக்கமும் தடுப்பாட்டம் ஓட்டையாக இருந்த நாளில் எறிபவர் யாராக இருந்தாலும் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும்.

அப்படியானால் சியாட்டில் ஏமாந்ததா? நான் அப்படி நினைக்கவில்லை. நூறு ஆட்டம் ஆடி நிரூபித்தவரை எந்த அணியும் லேசில் விடாது. சந்தைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான். ஆனால் ஓர் அணி ஆண்டுக்கு இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று லீக் வரம்பு வைத்திருக்கிறது. 2012-இல் அது சுமார் 12 கோடி டாலர். அதற்குள் 53 பேருக்குப் பங்கு பிரிக்க வேண்டும். ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் மற்றவர்களுக்குக் குறையும்.

சியாட்டில் செய்த கெட்டிக்காரத்தனம், ஃபிளினை எடுத்த கையோடு சோதனையை நிறுத்தாததுதான். அடுத்த மாதமே புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் 75-ஆவது ஆளாக ரஸ்ஸல் வில்சனை எடுத்தது. அவருக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்துச் சுமார் 30 லட்சம் டாலர்தான். பருவத்துக்கு முந்தைய ஆட்டங்களில் இருவரையும் மோதவிட்டார்கள். வில்சன் வென்றார். கோடிகள் வாங்கியவர் ஓரத்தில் உட்கார்ந்தார். 2014 பிப்ரவரியில் சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் சியாட்டில் 43-8 என்று டென்வர் அணியை நொறுக்கியது. வில்சனின் குறைந்த சம்பளத்தால் மிச்சமான பணம் மற்ற வீரர்களுக்குப் போயிருந்தது.

வில்சனுக்குப் பெரும் பணம் கிடைத்தது 2015-இல், மூன்று பருவங்களில் 48 ஆட்டங்கள் ஆடிய பிறகு. இரண்டு ஆட்டம் எங்கே, 48 எங்கே!

ஆனாலும் தரவு எவ்வளவு குவிந்தாலும் அது நேற்றைய ஆளைப் பற்றியதுதான். 158 ஆட்டம் ஆடி முடித்த வில்சனை, 33 வயதில், 2022-இல் டென்வர் வாங்கியது. கையிலிருந்த ஒப்பந்தத்தோடு மேலும் 5 ஆண்டுக்குச் சுமார் 24 கோடி டாலர் என்று நீட்டித்தது. இரண்டு பருவம் கழிந்தது. 2024 மார்ச்சில் அவரை விடுவித்தது. நீட்டித்த அந்த 5 ஆண்டுகளில் ஒரு ஆட்டம்கூட அவர் டென்வருக்காக ஆடவில்லை.