ஆயாக்கொட்டகையும் கவாய் தீவும்

பொழுது விடியுமுன்பே பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஆள் சேர்ந்தாக வேண்டும். அதனால் மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் தாய்மார்கள் தூக்கம் கலையாத பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதலில் போன இடம் ஆயாக்கொட்டகை. ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கும் வயதைக் கடந்த பெண் ஒருவர் அங்கே இருப்பார். தொட்டில் பிள்ளையிலிருந்து பள்ளிக்கூட வயதை எட்டாத பிள்ளைவரை எல்லாரையும் வாங்கிக்கொள்வார். ஆட்டித் தூங்க வைப்பார், ஊட்டுவார், அதட்டுவார். தாய் ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்வரை அந்தப் பிள்ளைகள் அவர் பொறுப்பு.

ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், அன்றைய பத்தாங் பெர்ஜுந்தை என்று விரியும் இந்த வட்டாரத்தில்தான், 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோன்னியே தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார். ஏக்கருக்கு எத்தனை மரம், மரத்துக்கு எத்தனை குலை என்பதற்கெல்லாம் தோட்டத்துக் கிராணிகள் கணக்கு வைத்திருந்தார்கள். அந்த ஆயா ஒரு பிள்ளையின் மனத்துக்குள் எதை வளர்த்தார் என்பதற்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. ஆனால் அதே போன்ற கணக்கை, கடல் கடந்த இன்னொரு தோட்டச் சமூகத்தில், நாற்பது ஆண்டுகள் பொறுமையாக எழுதினார் ஓர் உளவியலாளர்.

அவர் பெயர் எமி வெர்னர். இடம், ஹவாயின் கவாய் தீவு. கரும்புத் தோட்டங்களுக்காக ஜப்பான், பிலிப்பைன்ஸ், போர்த்துகல் முதலிய நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் நிறைந்த தீவு அது. 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை, ரூத் ஸ்மித் என்பவருடன் சேர்ந்து, அவர்களுடைய நாற்பது வயதுவரை வெர்னர் தொடர்ந்து கவனித்தார். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளின் தொடக்கமே கடினமாக இருந்தது. வறுமை, பிறப்புச் சிக்கல், குடிப்பழக்கம் அல்லது மனநோய் உள்ள பெற்றோர், ஓயாத குடும்பச் சண்டை எனப் பல சுமைகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

அப்படித் தொடங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் படிப்பிலோ நடத்தையிலோ மனநலத்திலோ தடுமாறினார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் எஞ்சிய ஒரு பங்கினர், 72 பேர், தன்னம்பிக்கையும் பிறர்மேல் அக்கறையும் உள்ளவர்களாக வளர்ந்து நின்றார்கள். நாற்பது வயதில் அவர்களில் ஒருவர்கூட வேலையில்லாமல் இல்லை; ஒருவர்மீதும் வழக்கில்லை. எப்படி? பிள்ளையின் பிறவிக் குணத்துக்கும் அதில் பங்கு இருந்தது. ஆனால் திரும்பத் திரும்பத் தென்பட்ட காரணம் ஒன்று: அவர்கள் வாழ்வில் விட்டுப்போகாத ஒரு பெரியவராவது இருந்தார். பல நேரங்களில் அவர் பெற்றவர் அல்ல. பாட்டி, பெரியம்மா, மூத்த அக்கா, பக்கத்து வீட்டுக்காரர் என யாராவது ஒருவராக இருந்தார். குடும்பத்துக்கு வெளியே அடிக்கடி சொல்லப்பட்டவர், பிடித்தமான ஓர் ஆசிரியர்.

ஒருவருடைய அன்பு இன்னொருவரின் உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது? அச்சம் வரும்போது நம் உடல் கார்ட்டிசால் என்ற இயக்குநீரைச் சுரக்கிறது. ஆபத்தை எதிர்கொள்ள அது தேவை. ஆபத்து நீங்கியதும் அடங்கவும் வேண்டும். சிறு குழந்தைக்கு அதைத் தானாக அடக்கத் தெரியாது. மேகன் கன்னர் போன்ற ஆய்வாளர்கள் குழந்தைகளின் எச்சிலில் கார்ட்டிசால் அளவைப் பார்த்தார்கள். மருந்தூசியோ முன்பின் பார்க்காத பொருளோ குழந்தையை மிரட்டலாம். ஆனால் நம்பிக்கையான பெரியவர் அருகில் இருந்தால், அழுகை வந்தாலும் கார்ட்டிசால் அவ்வளவாக ஏறுவதில்லை. குழந்தையின் நரம்பு மண்டலம் செய்யத் தெரியாத வேலையைப் பெரியவரின் அருகாமை செய்துவிடுகிறது.

அந்தத் துணையின் தடம் நாளடைவில் உள்ளே பதிகிறது. தாய் எலி நிறைய நக்கி வளர்த்த குட்டிகள், பெரியவையான பிறகும் அச்சத்திலிருந்து விரைவில் மீள்வதை மைக்கேல் மீனியின் குழு 1997இல் காட்டியது. அக்குட்டிகளின் மூளையில் கார்ட்டிசாலைப் போன்ற இயக்குநீரை உணர்ந்து அடக்கும் ஏற்பிகள் கூடுதலாக இருந்தன. குட்டிகளை மாற்றி வைத்துப் பார்த்தபோது, பெற்ற எலியைவிட வளர்த்த எலியின் குணமே அவற்றில் தெரிந்தது. மனிதரை எலியோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் வளர்க்கும் கை உடலையே மாற்றும் என்பது இதில் விளங்குகிறது.

மானிடவியலாளர் சாரா ஹர்டி இன்னும் பின்னால் போய்ப் பார்க்கிறார். மனிதக் குழந்தையை ஒரு தாய் தனியாக வளர்த்துவிட முடியாது என்பதால், பலர் கூடி வளர்க்கும் உயிரினமாகவே நாம் உருவானோம் என்பது அவர் வாதம். அப்படிப் பார்த்தால் ஆயாக்கொட்டகை மனித குலத்தின் மிகப் பழைய ஏற்பாடு ஒன்றின் தொடர்ச்சி. தாயின் உழைப்பு தடைபடக் கூடாது என்ற நிர்வாகக் கணக்கில் எழுந்த கொட்டகைதான் அது. அதற்குள் இருந்த பாசம் நிர்வாகம் கொடுத்ததல்ல. அந்தப் பெண்கள் கொடுத்தது.

வெர்னரின் ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. தலைமைப் பண்பு எங்கே முளைக்கிறது என்று கேட்பவர்கள் அதைக் கவனிக்க வேண்டும். நிமிர்ந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்குச் சிறு வயதிலேயே ஒரு பொறுப்பு இருந்தது: தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, வீட்டு வேலையில் கைகொடுப்பது. தாங்கப்பட்ட பிள்ளை, இன்னொருவரைத் தாங்கும்படி நம்பப்படுகிறது. 'என்னால் ஒருவருக்குப் பயன் உண்டு' என்ற உணர்வு அங்கே பிறக்கிறது. தோட்டக் குடியிருப்பான லயத்து வாசலில் தங்கையை இடுப்பில் சுமந்து நின்ற அக்காமார்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுமையால் பள்ளியை இழந்தவர்களும் உண்டு, அது அநியாயம். பொறுப்பு, தாங்கும் அளவிலும் அன்போடும் வரும்போதுதான் வளர்க்கிறது.

சுற்றம் தாங்கினால்தான் மனிதர் நிமிர முடியும் என்ற உண்மையைத் தோட்ட மக்கள் இந்த ஆய்வுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். 1941இல் ஆர். எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் முன்னின்ற வேலைநிறுத்தம் சிலாங்கூர்த் தோட்டங்களை உலுக்கியது. சம ஊதியம் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். துரைக்கு முன்னால் சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம் என்றார்கள். அந்தக் கோரிக்கைகளில் ஒன்று, உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோகும் உரிமை. சோற்றுக்கும் சுயமரியாதைக்கும் இணையாக உறவைக் கேட்ட மக்கள் அவர்கள். நாதன் கைது செய்யப்பட்டபோது அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர்களே திரண்டார்கள். படை வந்தது, உயிர்கள் போயின, நாதன் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். ஆனால் சேர்ந்து நின்றவர்களிடமிருந்துதான் தலைவனுக்குத் துணிவு வருகிறது என்பதற்கு அந்த ஆண்டு சான்றாக நிற்கிறது.

இன்று வட சிலாங்கூரில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்து மக்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குச் சிதறிவிட்டார்கள். கூலி வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து 'சாப்பிட்டியாப்பா' என்று கேட்ட பத்து வீடுகளுக்கு மாற்று எளிதில் கிடைப்பதில்லை. தோட்ட வாழ்வின் வறுமை திரும்ப வர வேண்டியதில்லை. அந்தச் சுற்றம் திரும்ப வர வேண்டும்.

வரவும் முடியும். கவாயில் பதின்ம வயதில் தடம் மாறியவர்களில் பெரும்பாலோர், நாற்பது வயதை எட்டுவதற்குள் மீண்டிருந்தார்கள். நல்ல வாழ்க்கைத் துணை, பிற்காலப் படிப்பு, வழிபாட்டுச் சமூகம் ஆகியவை அவர்களைத் திருப்பின. காலம் கடந்துவிட்டது என்று யாரையும் கைவிடத் தேவையில்லை. மாலை வகுப்பு நடத்தும் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கீழ்வீட்டுப் பையனுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் ஒரு மெக்கானிக், கோயில் வேலையில் ஒரு சிறுமியை நம்பிப் பொறுப்புக் கொடுக்கும் ஒரு செயலவை உறுப்பினர் ஆகிய மூவரும் அந்த ஆயாவின் பணியைத்தான் தொடர்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஒருவர் போதும். அந்த ஒருவராக இருக்க, விட்டுப்போகாமல் இருந்தாலே போதும்.